தனித்தேனீயின் வரலாறு கண்ட ஆசிரியர் ஃபாபர்

சுவர் மூலையிலே களிமண்ணாற் சிறு குடம் வனைந்து, அதனுள் பச்சைப் புழுவைக் கொண்டுசென்று அடைக்கும் குளவியை யாழ்ப்பாணத்து வீடுகளிற் காணாதார் இலர். குளவி இடைவிடாது கொட்டுதலால் அப்புழு தன்னுருவம் மாறிக் குளவியாகவே வெளிப்படுகின்றது என்று நம் முன்னோர் கருதினர். ஆசிரியனின் இடையறாத உபதேசத்தால் மாணவன் அவன் தன்மையை அடைதற்கும், இறைவனை இடையறாது நினைக்கும் உயிர் அவன் இயல்பைப் பெறுதற்கும் இதனைச் சைவப் பெரியோர் உவமையாக எடுத்தாண்டனர். உவமை என்ற அளவில் அது இன்றும் பழுதற்றதே. ஆயின், அம்மண்குடத்தைத் திறந்து நாள்தோறும் பார்த்து வருவோர்க்கு வேறொரு வரலாறு தெரியவரும். புழு குளவியாவதில்லை. தாய்க்குளவி இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிக்கு அப்புழு உணவாகின்றது. குளவியின் கொடுக்குப் பட்ட புழு இறவாமலும் அசையாமலும் கிடத்தலால், அவ்வுணவு பல நாட்களுக்குக் கெடாது நிற்கின்றது.

இத்தகைய உண்மைகளைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதாமல், வெயிலிலும் காற்றிலும் மண்மேற் கிடந்து, தம் கண்ணாற் கண்டு உலகுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் ழான் ஆன்றி ஃபாபர் என்னும் பிரெஞ்சு ஆசிரியர். குளவிகளோடு ஒப்ப அவர் நெடுங்காலம் பழகியவை தனித்து வாழும் தேனீக்கள். அவரது வாழ்க்கை வரலாற்றைக் கூறுவது அத்தேனீக்களின் வரலாற்றைக் கூறுவதுமாகும்.

தேனீ என்றதும் நம் நினைவுக்கு வருவன அடையும், கூட்டமும், இராணியும், வேலைக்காரரும் ஆகிய ஓர் அரசாட்சியே. ஆனால் உலகில் அறியப்பட்டுள்ள தேனீ இனங்கள் 20,000க்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு அரசுமில்லை, கூட்டமுமில்லை. ஒரு தாய் தான் ஒருத்தியாகவே வீடு கட்டுகின்றாள்; மகரந்தமும் தேனும் கலந்து மாவுருண்டை சேர்க்கின்றாள்; அதன்மேல் முட்டையிட்டுக் கதவடைத்துச் செல்கின்றாள். பெரும்பாலும் தன் பிள்ளையின் முகத்தைக் காணாமலே இறந்துபோகின்றாள். இலங்கையில் ஏறத்தாழ 150 தேனீ இனங்கள் கணக்கெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் கூட்டமாய் வாழ்ந்து நமக்குத் தேன் தருவன விரல்விட்டு எண்ணத்தக்கனவே. எஞ்சியவற்றை நாம் வண்டென்றும் குளவியென்றும் ஈயென்றும் பொதுப்பெயரால் அழைத்துக் கடந்து போகின்றோம்.

இளமையும் வறுமையும்

தென் பிரான்சின் மலைநாட்டில், சென் லேயோன் என்னும் சிற்றூரில், 1823 டிசெம்பரில், ஏழைக் குடியொன்றில் ஃபாபர் பிறந்தார். வீட்டில் உணவுக்கே முட்டுப்பாடு இருந்தமையால், பாலப்பருவத்தின் முதற்பகுதியைப் பாட்டனாரின் மலைப்பண்ணையிற் கழித்தார். ஏழாம் வயதில் ஊர் திரும்பிப் பாடசாலை சேர்ந்தார். அப்பாடசாலையின் ஆசிரியரே ஊரில் முடி திருத்துபவர். கோயில் மணி அடிப்பவரும் அவரே. பாடம் நடக்கும்போதே கோழிகளும் பன்றிக்குட்டிகளும் உள்ளே புகுந்து உலாவும். அங்கு எழுத்தறியாது தவித்த சிறுவனுக்கு, விலங்குப் படங்கள் நிறைந்த அரிச்சுவடி ஒன்றைத் தந்தை வாங்கி வந்தார். மனிதர் கற்பிக்க வராத எழுத்து, விலங்குகள் கற்பிக்க வந்தது.

தந்தையார் ஊருக்கு ஊர் சென்று சிறு கோப்பிக் கடைகள் நடத்தினார். ஒவ்வொன்றும் நட்டத்தில் முடிந்தது. குடும்பம் சிதறியது. இளைஞர் ஃபாபர் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். இருப்புப்பாதை வேலையிற் கூலியாளாய் நின்றார். அந்நிலையிலும் போட்டிப் பரீட்சை எழுதி, உபகாரச் சம்பளம் பெற்று, அவிஞோன் நகரின் ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்தார். 1842இல், பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே, கார்ப்பந்திராஸ் என்னும் ஊரில் ஆசிரியரானார். சம்பளம் ஆண்டொன்றுக்கு 700 பிராங்கு. அது வயிற்றுக்கும் போதாதது.

மாணவர் கற்பித்த பாடம்

அவ்வூரில் நில அளவைப் பாடம் வகுப்பறைக்கு வெளியே, கல்லும் தைமுச் செடியும் நிறைந்த வெளியில் நடைபெற்றது. அளவுக்கோல் நடும்படி அனுப்பப்பட்ட மாணவர்கள் இடையில் நின்று குனிவதையும், கல்லொன்றை எடுத்து வைக்கோற் குழாயை வாயில் வைப்பதையும் ஆசிரியர் கண்டார். விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. கரிய பெருந்தேனீ ஒன்று கூழாங்கற்களின்மேல் மண்வீடு கட்டுகின்றது. அவ்வீட்டினுள்ளே தேன் இருக்கின்றது. மாணவர் அதனை உறிஞ்சுகின்றனர். அன்று கோணமும் கோடும் பின்னின்றன. ஆசிரியரும் மாணவரோடு கல்லைப் புரட்டினார்.

அத்தேனீயின் பெண் கரும்பட்டு உடுத்தது போன்றது. இறகுகள் கருநீலம் கலந்த ஊதா நிறம். வீதியின் சுண்ணாம்புப் பொடியைத் தன் உமிழ்நீரிற் குழைத்துச் சீமெந்து போலாக்கிக் கல்லின்மேல் அறை அறையாய்க் கட்டுகின்றது. நம் வழக்கிற் கூறினால் அது ஒரு மேசன் தேனீ. அதன் பெயரும் இனமும் அறிய ஆசிரியர் பெரிதும் அவாவினார். கடையொன்றில் பூச்சிகளைப் பற்றிய பெருநூல் ஒன்றிருந்தது. அதன் விலை அவரது ஒரு மாதச் சம்பளம். குடும்பச் செலவை நெருக்கி அந்நூலை வாங்கினார். தம் கையிலிருந்த தேனீயின் பெயரையும் அதில் அறிந்தார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னர் றெயோமுர் என்னும் அறிஞர் அதே தேனீயை ஆராய்ந்திருந்ததும் அதனால் தெரியவந்தது.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. பெயரறிதல் அறிவின் முடிவன்று. எனினும் அதுவே வாயில். பெயர் தெரியாதவன் தனக்கு முன் வந்தவர்கள் கண்டதை அறியமாட்டான். தான் கண்டதைப் பின் வருவோர்க்கு வழங்கவும் மாட்டான். பெயரோடு நின்றுவிடுபவனோ வாயிலில் நின்று வீட்டைக் கண்டதாக எண்ணுபவனாவான். ஃபாபர் வாயிலைத் திறந்து உள்ளே நுழைந்தார். பின் எழுபது ஆண்டுகள் வெளியே வரவில்லை.

கணிதமும் பௌதிகமும் தாமே கற்றுப் பட்டங்கள் பெற்றார். 1849இல் கோர்சிக்காத் தீவின் அஜாக்சியோ நகரிற் பௌதிக ஆசிரியராய் அமர்ந்தார். அங்கு வந்த தாவரவியல் அறிஞர் மோக்கன் தாந்தோன், தையற் பெட்டியிலிருந்த ஊசி போன்ற எளிய கருவிகளால் நத்தையொன்றைத் தண்ணீர்த் தட்டிற் பகுத்துக் காட்டினார். எண்களை விட்டு உயிர்களை நாடுமாறு அவர் கூறிய அறிவுரை ஃபாபரின் உள்ளத்திற் பதிந்தது. காய்ச்சலால் உடல் நலிந்து தாய்நாடு மீண்டவர், 1853 முதல் அவிஞோன் உயர்தரப் பாடசாலையிற் கற்பித்தார். பதினெட்டு ஆண்டு ஊழியத்திலும் அங்கே அவரது 1,600 பிராங்குச் சம்பளம் உயரவேயில்லை.

ஒரு மாரிக்கால இரவில், லெயோன் துஃபூர் என்னும் மருத்துவ அறிஞர் எழுதிய கட்டுரையொன்று அவர் கைக்கு வந்தது. குளவியொன்று தன் மண்ணறையிற் சேர்த்துவைத்த வண்டுகள் பல நாட்களாகியும் அழுகாதிருந்தன. குளவி ஏதோ மருந்தூட்டிப் பிணத்தைப் பேணுகின்றது என்று துஃபூர் முடிவு செய்திருந்தார். ஃபாபர் அக்குலத்துக் குளவியொன்றின் வளைகளைத் தேடிக் காத்திருந்து பார்த்தார். வண்டுகள் இறக்கவில்லை, நரம்பின் மையத்திற் கொடுக்குத் தைத்தமையால் அசைவற்றுக் கிடந்தன. 1855இல் இதனை வெளியிட்டார். மறுவாண்டு பிரெஞ்சு அறிவியற் கழகம் அவருக்குப் பரிசு வழங்கியது. 1859இல் வெளிவந்த தம் பெருநூலிலே தார்வின் ஃபாபரின் பெயரை எடுத்துரைத்தார்.

அடுத்து அவர் தனித்தேனீயின் வீட்டிற் குடிபுகும் கள்வனைப் பிடித்தார். கார்ப்பந்திராஸ் அருகே செங்குத்தான மண்கரைகளில் அந்தோபோரா என்னும் தேனீக்கள் ஆயிரக்கணக்காய் வளை தோண்டி வாழ்ந்தன. சித்தாரிசு என்னும் வண்டின் குஞ்சு, பேனினும் சிறிதாய், அவ்வளை வாயிலில் மாரிக்காலம் முழுதும் பட்டினி கிடக்கும். இளவேனிலில் முதலில் வெளிவரும் ஆண்தேனீயின் மயிரைப் பற்றிக்கொள்ளும். ஆணிலிருந்து பெண்ணுக்கு மாறும். பெண் தேன்மேல் முட்டையிடும் கணத்தில் அம்முட்டைமேல் இறங்கிவிடும். முட்டையே அதற்கு முதலுணவு. தேனில் மூழ்காமற் காக்கும் தோணியும் அதுவே. அதனை உண்டு முடித்தபின் உருமாறித் தேனை உண்ணும். 1857இல் ஃபாபர் வெளியிட்ட இவ்வரலாறு விலங்கியலில் இன்றும் பேசப்படுவது.

பெண்களுக்குக் கற்பித்த குற்றம்

பரிசும் புகழும் வந்தனவேயன்றி வறுமை நீங்கவில்லை. மஞ்சிட்டி வகைச் செடியின் வேரிலிருந்து செஞ்சாயம் எடுக்கும் முறையைத் திருத்திப் பொருள் தேடலாமென்று பல ஆண்டுகள் இரசாயன சாலையில் உழைத்தார். அம்முயற்சி கைகூடும் வேளையில், ஜெர்மானிய அறிஞர் அச்சாயத்தை நிலக்கரித் தாரிலிருந்து செய்து காட்டினர். செடிச்சாயத் தொழிலே அழிந்தது. அவர் நம்பிக்கையும் அழிந்தது.

கல்வி அமைச்சர் விக்தர் துருயி அவர் திறமையை அறிந்து, 1868இல் அரசின் உயர் விருதினை அவருக்கு அளிக்கச் செய்தார். அக்காலப் பிரான்சிற் பெண்பிள்ளைகளுக்கு அறிவியற் கல்வி எட்டாத கனி. அக்குறை நீக்கத் துருயி வகுத்த திட்டத்தின்படி, அவிஞோனில் இலவச வகுப்புக்களில் ஃபாபர் கற்பித்தார். காற்று, நீர், மின்னல், செடி, பூச்சி ஆகியவற்றைப் பற்றி எளிய மொழியிற் பேசினார். பூவில் மகரந்தம் சேர்ந்து காயாகும் முறையையும் இளம்பெண்கள் முன்னிலையில் விளக்கினார். இது பழமை போற்றுவோர்க்குப் பொறுக்கவில்லை. கண்டனங்கள் எழுந்தன. துருயியும் பதவி நீங்கினார். ஃபாபர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரிகள் வீட்டைவிட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டனர்.

பூவும் தேனீயும் கூடிச் செய்யும் தொழிலைச் சொன்னமைக்காக ஓர் ஆசிரியர் வீடிழந்தார். ஐந்து பிள்ளைகளோடு தெருவில் நின்றவருக்குக் கைகொடுத்தவர் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் ஸ்ருவார்ட் மில். அவிஞோனில் மனைவியை அடக்கம் செய்து அங்கேயே பெரும்பாலும் தங்கியிருந்த மில், ஃபாபரோடு செடி தேடி நடந்த நண்பர். பத்திரம் ஏதுமின்றி 3,000 பிராங்கு கடன் கொடுத்தார். ஃபாபர் ஒராஞ்சு என்னும் ஊருக்குப் பெயர்ந்து, ஆசிரியத் தொழிலை விட்டு, பாடநூல்கள் எழுதிப் பிழைத்தார். கடனும் தீர்க்கப்பட்டது.

அங்கே அவருக்கு நேர்ந்த பெருந்துயர் மகன் ஜூலின் மறைவு. தந்தையோடு பூச்சி தேடிய அச்சிறுவன் பதினாறு வயதில், 1877இல் இறந்தான். புதிதெனத் தாம் கண்ட குளவிகள் சிலவற்றுக்கு ஃபாபர் அவன் பெயரைச் சூட்டினார். பெயரிடுதல் என்பது வெறும் அட்டவணை வேலையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கலட்டியில் அமைந்த ஆராய்ச்சி நிலையம்

1879இல், ஐம்பத்தைந்து வயதில், செரிஞ்ஞான் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ ஒரு ஹெக்டேயர் நிலத்தை ஃபாபர் வாங்கினார். அந்நாட்டு மொழியில் அத்தகைய நிலத்துக்கு ஹார்மா என்று பெயர். அதனை யாழ்ப்பாணத்தார்க்கு விளக்க நெடிய சொற்கள் வேண்டா: அது ஒரு கலட்டி. மேலே மெல்லிய மண், கீழே சுண்ணாம்புக்கல், முள்ளும் புல்லும் அன்றி வேறொன்றும் விளையாத தரை. நம்முடைய சோளகம் போல அங்கும் மிஸ்திரால் என்னும் காற்று ஓயாது வீசும். உழவன் கைவிட்ட அந்நிலம் தேனீக்கும் குளவிக்கும் சுவர்க்கமாயிருந்தது. அவற்றின் பொருட்டே அதனை அவர் வாங்கினார். அவரது பூச்சியியல் நினைவுகள் என்னும் நூலின் முதற்பகுதி அவ்வாண்டே வெளிவந்தது; பத்தாம் பகுதி 1907இல் வெளிவந்தது.

அவருடைய கருவிகள் உருப்பெருக்கிக் கண்ணாடி, கண்ணாடிக் குழாய், நாணற்றண்டு, காகிதம், பசை ஆகியவையே. மேசன் தேனீக்களின் முதுகிற் சுண்ணக்கட்டிப் பொடியைப் பசையிற் குழைத்துப் பொட்டிட்டு, பல கிலோமீற்றர் தூரம் கொண்டுசென்று பறக்கவிட்டார். வீட்டில் மகள் அக்லாயே கூட்டின் முன் காவலிருந்து, திரும்பி வந்த நேரத்தைக் குறித்தாள். இதனைப் படித்த தார்வின், தேனீக்களைப் பெட்டியிலிட்டு முதலில் எதிர்த்திசையிற் கொண்டுசென்று, பெட்டியைச் சுழற்றித் திசை மயங்கச் செய்து விடுமாறு கடிதமெழுதினார். ஃபாபர் அவ்வாறே செய்தார். அப்படியும் பத்துக்கு மூன்று நான்காக அவை வீடு சேர்ந்தன. முடிவை அறிவிக்குமுன் 1882இல் தார்வின் காலமானார்.

இன்னொரு தேனீ ஒஸ்மியா. அது தானாக வீடு கட்டாது. நாணற்றண்டிலும் நத்தை ஓட்டிலும் உள்ள வெற்றிடத்தை மண்தட்டியால் அறைகளாகப் பிரிக்கும். அதனைத் தம் எழுத்து மேசையின்மேல் வைத்த கண்ணாடிக் குழாய்களிற் குடியேற்றினார். முதலில் உட்பக்கத்திற் பெரிய அறைகள், அவற்றில் மிகுந்த உணவு, அங்கே பெண். பின்னர் வாயிற்பக்கத்திற் சிறிய அறைகள், குறைந்த உணவு, அங்கே ஆண். குழாய் மிகவும் ஒடுங்கியதாயின் ஆண்களையே இட்டது. பிள்ளையின் பால் தாயின் கட்டுப்பாட்டில் உள்ளது என்று ஃபாபர் முடிவு செய்தார். அதன் காரணம் இன்று தெளிவாகியுள்ளது: கருக்கட்டிய முட்டை பெண், கருக்கட்டாதது ஆண். ஆண்கள் வாயிலருகே இருத்தலால் முதலில் வெளிவருகின்றன.

குழாயின் அடியில் உள்ளது முதலில் முதிர்ந்துவிட்டால் என்ன செய்யும்? தனக்கு முன்னே உறங்கும் உடன்பிறப்பு உயிரோடிருப்பின் அதன் கூட்டைக் கடித்து வழி செய்யாது. காத்திருக்கும், அல்லது பக்கச் சுவரைக் குடைய முயலும். முன்னுள்ளது இறந்திருப்பின் அதனூடே வழி செய்து வெளியேறும். இவ்வேறுபாட்டை அவர் சோதனையாற் காட்டினார்.

ஆயின், பூச்சியின் திறமையை வியந்ததோடு அவர் நிற்கவில்லை. அதன் எல்லையையும் அளந்தார். மேசன் தேனீ தேன் சேர்க்கும் வேளையில் அறையின் அடியிலே துளையிட்டார். தேன் ஒழுகிக்கொண்டிருந்தது, கட்டுமானத்தில் அத்துணை வல்லமை வாய்ந்த தேனீ அத்துளையை அடைக்கவில்லை. மேலும் மேலும் தேன் கொணர்ந்தது, முட்டையிட்டது, வெற்றறைக்கு முத்திரையிட்டு மூடிச் சென்றது. கட்டும் பருவம் முடிந்து சேர்க்கும் பருவம் தொடங்கிவிட்டால் அது பின்னோக்கிச் செல்வதில்லை. இயல்பூக்கம் வேறு, பகுத்தறிவு வேறு என்பதை இதனினும் எளிதாய்க் காட்டியவர் அரியர்.

ஃபாபரிடத்தும் குறைகள் உண்டு. இயல்பூக்கம் தொடக்கம் முதலே நிறைவானது, படிப்படியாய் வளர்ந்திருத்தல் இயலாது என்று நம்பியமையால், தம்மை மிக மதித்த தார்வினின் கூர்ப்புக் கொள்கையை அவர் இறுதிவரை ஏற்கவில்லை. பின்வந்தவர்கள், சிறப்பாக அமெரிக்காவின் பெக்கம் தம்பதியர், குளவியின் கொடுக்கு எப்போதும் ஒரே குறியிற் படுவதில்லை, ஆளுக்காள் வேறுபாடு உண்டு என்று காட்டினர். அவ்வேறுபாடுகளே கூர்ப்பின் மூலப்பொருள். ஆனால் அவரைத் திருத்தியவர்களும் அவர் வழியிலேயே, மண்மேல் அமர்ந்து பார்த்தே திருத்தினர். இனங்களைப் பிரித்தறிவதிலும் அவர் செருக்குக் கொள்ளவில்லை. ஐயம் நேர்ந்த தேனீக்களைப் போர்தோ நகரப் பேராசிரியர் பெரேசுக்கு அனுப்பிப் பெயர் பெற்றார். பெயரிடும் புலமையும் வாழ்வறியும் பொறுமையும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன என்பதற்கு அவ்விருவர் நட்பு எடுத்துக்காட்டாகும்.

முதுமையிலும் வறுமை அவரை விடவில்லை. 1910இல் அன்பர்கள் அவருக்கு விழா எடுத்தபோதுதான் உலகம் அவர் பக்கம் திரும்பியது. 1913இல் நாட்டின் சனாதிபதி புவாங்கரே அவரது கலட்டி நிலத்துக்கே வந்து மரியாதை செய்தார். 1915 ஒக்ரோபர் 11ஆம் நாள், தொண்ணூற்றொரு வயதில், ஃபாபர் அங்கேயே காலமானார். அந்நிலம் இன்று அரசினால் அருங்காட்சியகமாய்ப் பேணப்படுகின்றது.

நம் வளவிலுள்ள தனித்தேனீக்கள்

நமது பிரதேசத்துக்குப் பெயரிடுவோர் முன்னரே வந்தனர். லின்னேயசின் மாணவராகிய கேனிக் என்னும் மருத்துவர் 1768இல் தரங்கம்பாடி வந்து, 1785இல் இறக்கும்வரை செடியும் பூச்சியும் சேர்த்தார், இலங்கைக்கும் வந்துசென்றார். நம் சமையலில் நாள்தோறும் தாளிக்கும் கறிவேப்பிலையின் அறிவியற்பெயரில் அவர் பெயர் நிற்கின்றது. அவர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்கு ஐரோப்பாவிலிருந்து பெயர் சூட்டியவர் பூச்சியியலறிஞர் ஃபப்ரீசியஸ். தமிழகராதி தந்த பப்பிரிசியஸ் ஐயர் வேறு, இவர் வேறு. மரந்துளைக்கும் தேனீ ஒன்றுக்கு 1804இல் தரங்கம்பாடியின் பெயரையே அவர் இட்டார். 1897இல் பிங்கம் என்னும் படையதிகாரி, இந்தியாவும் இலங்கையும் பர்மாவும் அடங்கிய நிலப்பரப்பின் தேனீக்களையும் குளவிகளையும் பெருநூலாகத் தொகுத்தார். வாயில் திறந்தே இருக்கின்றது. உள்ளே நுழைந்து நெடுநேரம் அமர்வோரே வேண்டும்.

அதற்குத் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. ரோசா இலையின் ஓரம் வட்டமாகவும் நீள்வட்டமாகவும் வெட்டப்பட்டிருப்பின், மயிர்க்கொட்டியைப் பழிக்கும் முன் சற்றுக் காத்திருந்து பார்க்கலாம். கத்தரிக்கோல் போன்ற வாயோடு இலைவெட்டித் தேனீ வரும்; இலைத்துண்டைச் சுருட்டிக் காலிடைப் பற்றிச் சென்று, மரத்துளையிலோ குழாயிலோ கிண்ணம் போல் அடுக்கும். நீள்வட்டத் துண்டு சுவருக்கு. வட்டத் துண்டு மூடிக்கு. காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்து மரத்தூள் சிந்தும் பெருங்கருவண்டு உண்மையில் வண்டன்று, அதுவும் தேனீயே. வயிற்றில் நீலப்பட்டை மின்ன, ஓரிடத்தில் நில்லாது பூவுக்குப் பூ தாவுவது இன்னொன்று. அது மண்ணிலும் பழைய மண்சுவரிலும் வளை செய்யும். மாலையில் அதன் ஆண்கள் செடித்தண்டை வாயாற் கவ்வித் தொங்கியபடியே உறங்கும்.

கத்தரித் தோட்டக்காரர் இந்நீலப்பட்டைத் தேனீயை நன்கறிதல் வேண்டும். கத்தரிப்பூவின் மகரந்தம் நுனியிற் சிறு துளையுள்ள குழாய்களுள் அடைபட்டிருக்கின்றது. நீலப்பட்டைத் தேனீயும் கருந்தேனீயும் பூவைக் கட்டிப் பிடித்து, இறகை விரிக்காமலே தசையை அதிரச் செய்து ரீங்கரிக்கும். உப்புக் குப்பியைக் குலுக்கினாற்போல மகரந்தம் உதிரும். தேன் தரும் தேனீக்கு அவ்வித்தை தெரியாது. ஆகவே நம் தோட்டத்திற் கத்தரி நன்கு காய்ப்பதில், நாம் பெயரறியாத அத்தாயின் பங்கும் உண்டு.

பிரித்தறிய விரும்புவோர்க்குச் சில குறிப்புக்கள் போதும். இறகு இரண்டாயின் ஈ. நான்காயின் தேனீ அல்லது குளவி. குளவியின் உடல் பெரும்பாலும் மழமழப்பானது, இடை சிறுத்தது. அது இரை தேடும். தேனீயின் உடலில் கிளைத்த மயிர் உண்டு. அதில் மகரந்தம் ஒட்டும். பெண் தேனீ மகரந்தத்தைப் பின்னங்காலிற் சுமந்தால் ஒரு குலம். வயிற்றின் கீழ்ச் சுமந்தால் இலைவெட்டியின் குலம். அதன்பின் கேட்க வேண்டியவை ஃபாபர் கேட்ட கேள்விகளே: எங்கே கட்டுகின்றது, எதனாற் கட்டுகின்றது, எப்பூவுக்குச் செல்கின்றது, எம்மாதம் தோன்றி எம்மாதம் மறைகின்றது. ஒரு கொப்பியும் ஓராண்டுப் பொறுமையும் இருந்தால், எந்தப் பாடசாலை மாணவனும் மாணவியும் தம் வளவின் வரலாற்றை எழுதலாம்.

அவ்வாறு எழுதும் வாய்ப்பு நாளுக்கு நாட் குறுகி வருகின்றது. கதியால் வேலிகள் மதில்களாகின்றன, மண்சுவர்கள் மறைந்தன, முற்றங்கள் சீமெந்துத் தரையாகின்றன, பூச்சிகொல்லி நன்மை செய்வதையும் தீமை செய்வதையும் வேறு பிரிப்பதில்லை. கூட்டமாய் வாழும் தேனீக்கு மனிதன் பெட்டி செய்து கொடுக்கின்றான். தனித்தேனீக்கோ வெறுமனே விடப்பட்ட ஒரு சாண் மண்ணும், காய்ந்த ஒரு மரக்கொம்பும், வேலியோரத்துப் பூவும் போதும். அவ்வளவும் இல்லையேல் அதற்கு வேறு புகலில்லை. வளவின் ஒரு மூலையை அதற்கென விட்டுவைப்பதால் நமக்கு நட்டமில்லை.

தம் நாட்டார் பயனற்றதென்று கைவிட்ட கலட்டியில் ஃபாபர் முப்பத்தாறு ஆண்டுகள் கற்றார். கற்று முடித்ததாக அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. நம் குடாநாட்டிலும் கலட்டிகளுக்குக் குறைவில்லை.